‘அலைன்மன்ட் அடிச்சாச் சரியாகும்’ என்ற நம்பிக்கை பற்றி...

காரின் முன்பக்கத்திலிருந்து "டொக், டொக்" என்று சத்தம் வரத் தொடங்கினால் எமது ஊர்களில் முதலாவதாக நடக்கும் திருத்த வேலை, ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பது. இரண்டு மாதம் கழித்து ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்கும். அப்போது வண்டி டயர் கடைக்குப் போகும். "ஒரு அலைன்மன்ட் அடிங்க சேர், எல்லாம் சரியாப் போகும்" என்பார்கள். அடித்தால் ஒரு கிழமை நன்றாக ஓடும். பிறகு பழையபடி இழுக்கும். மறுபடியும் அலைன்மன்ட். கடைசியில் புது டயரின் உள்பக்கம் கம்பி தெரியும் வரை தேய்ந்திருக்கும். குற்றம் டயர் கம்பனிக்குப் போகும்.

இந்தச் சுற்று நிற்க வேண்டும் என்பதுதான் இந்தப் பதிவின் நோக்கம். கொஞ்சம் நீளம்தான். கார், வேன் வைத்திருப்பவர்களும் பிள்ளையைப் பாடசாலை வேனில் ஏற்றி அனுப்பும் பெற்றோரும் பொறுமையாக வாசியுங்கள்.

நாம் சொல்ல வருவது இதுதான். அலைன்மன்ட் என்பது அளவெடுத்து நேராக்கும் வேலை. அது மருந்து அல்ல. தேய்ந்த உறுப்பை அப்படியே விட்டுவிட்டு அலைன்மன்ட் செய்வது, கால் ஆடும் மேசையை நீர்மட்டம் வைத்து நேராக்குவது போன்றது. கையை எடுத்ததும் மறுபடி ஆடும். தேய்ந்த உறுப்பு எது என்று கண்டுபிடிக்க மெக்கானிக்காக இருக்கத் தேவையில்லை. வாகனம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் அதைக் கற்றுக்கொள்ளலாம், கற்றுக்கொள்ளவும் வேண்டும்.

*ஏன் இதை இப்போது பேச வேண்டும்?*

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் வாகனங்களுக்கு அந்தக் கதவு மீண்டும் திறந்தது 2025 பெப்ரவரியில்தான். இடையில் 2022இல், மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவுக்கு நின்ற டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. 2024 ஜனவரியிலிருந்து வற் வரி 18 வீதம். இப்போது கப்பலில் வரும் வாகனத்தின் விலையும் ஓர் ஆசிரியரின் சம்பளமும் ஒரே பக்கத்தில் எழுதக்கூடிய எண்கள் அல்ல.

ஆகவே எமது வீட்டு வாசல்களில் நிற்பவை பெரும்பாலும் பழைய அல்டோ, வெகன்ஆர், விட்ஸ், கொரொல்லா 121. இவற்றின் இரும்பு இன்னும் உழைக்கும். ஆனால் முன்பக்கச் சில்லுகளைப் பிடித்திருக்கும் இறப்பர் புஷ்களும் போல் ஜொயின்ட்களும் வயதாகி விட்டன. இறப்பர் ஓடாமல் நின்றாலும் முதுமையடையும். அக்கரைப்பற்று தொடக்கம் கல்முனை வரை கடற்கரையோரம் வாழும் எமக்கு உப்புக்காற்று வேறு. நட்டும் புரியும் துருப்பிடித்து ஒன்றாகிப் போகின்றன. பிரதான வீதி காபட் போட்டு வழுக்கலாக இருக்கும். உள்வீதிக்குள் இறங்கினால் குழியும் வேகத்தடையும் வரவேற்கும். அடி முழுவதும் முன்சில்லுக்குத்தான்.

அடுத்தது, இதை யாரும் பரிசோதிப்பதில்லை. வருமான அனுமதிப்பத்திரம் எடுக்க வருடா வருடம் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம். 2008இல் தொடங்கிய நடைமுறை அது. நல்ல விடயம். ஆனால் அது பார்ப்பது சைலன்சரால் வரும் புகையை மட்டும். லொறிக்கும் பஸ்ஸுக்கும் கேட்கும் தகுதிச் சான்றிதழைத் தனியார் காரிடம் கேட்பதில்லை. போல் ஜொயின்ட் கழன்று விழும் நிலையில் இருக்கும் ஒரு காரும் புகை சுத்தமாக இருந்தால் அனுமதிப்பத்திரம் பெற்றுவிடும். சட்டம் குனிந்து பார்க்காத இடத்தை, சொந்தக்காரர்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

*சில்லுக்குப் பின்னால் என்ன இருக்கிறது?*

மேலே சொன்ன சிறிய கார்கள் அனைத்திலும் முன்பக்க அமைப்பு ஏறத்தாழ ஒன்றுதான். மெக்பர்சன் ஸ்ட்ரட் என்பார்கள். ஷொக் அப்சோபரும் ஸ்ப்ரிங்கும் ஒன்றாக நிற்கும் ஒரு தூண். அதன் தலை பொனட்டுக்குக் கீழே பொடியில் பூட்டியிருக்கும். கீழே லோவர் ஆம். ஒரு பக்கம் இறப்பர் புஷ்களால் சேசிஸோடும், மறுபக்கம் ஒரு போல் ஜொயின்டால் சில்லோடும் இணைந்திருக்கும். சில்லைத் திருப்புவது டை ரொட் எண்ட். வளைவில் வண்டி சரியாமல் பிடிப்பது ஸ்டெபிலைசர் பாரும் அதன் லிங்கும்.

இவற்றுள் ஸ்டெபிலைசர் லிங்க் தேய்ந்தால் சத்தம் வரும், அவ்வளவுதான். போல் ஜொயின்ட் அப்படி அல்ல. அது கழன்றால் சில்லு வெளிப்பக்கமாக மடிந்து, காரின் மூலை வீதியில் குந்திவிடும். டை ரொட் எண்ட் கழன்றால் ஸ்டியரிங் ஒரு பக்கம், சில்லு ஒரு பக்கம். இரண்டும் முன்கூட்டியே அறிவித்தல் தருபவைதான். அந்த அறிவித்தல்தான் ரேடியோவுக்குள் அமிழ்ந்து போகும் "டொக், டொக்".

*அலைன்மன்ட் எதை நேராக்குகிறது?*

மூன்று கோணங்கள். மேலிருந்து பார்க்கையில் இரண்டு சில்லுகளும் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்பது டோ. முன்னாலிருந்து பார்க்கையில் சில்லு உள்ளேயோ வெளியேயோ சாய்ந்திருப்பது கேம்பர். பக்கவாட்டில் பார்க்கையில், சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பது போன்ற சாய்வு காஸ்டர்.

இங்கேதான் பலருக்குத் தெரியாத ஒரு விடயம் இருக்கிறது. இந்தச் சிறிய கார்களில் பெரும்பாலும் திருகிச் சரிசெய்யக் கூடியது முன் டோ மட்டும்தான். கேம்பரும் காஸ்டரும் தொழிற்சாலையில் அமைத்தபடி. கணினித் திரையில் கேம்பர் சிவப்பில் காட்டினால் அதன் பொருள் ‘அலைன்மன்ட் போய்விட்டது’ என்பதல்ல. ‘ஏதோ வளைந்திருக்கிறது அல்லது தேய்ந்திருக்கிறது’ என்பது. அதைக் கண்டும் டோவை மட்டும் திருகி அனுப்பினால், காசு கொடுத்தவருக்குக் கிடைப்பது ஒரு கிழமை நிம்மதி மட்டும்.

டோ சிறிது பிசகினால் என்ன ஆகும்? தரம் 11 திரிகோணகணிதம் போதும். ஒரு சில்லு ஓட வேண்டிய திசையிலிருந்து 1 பாகை திரும்பி நின்றால், ஒவ்வொரு கிலோமீற்றருக்கும் அது சுமார் 17 மீற்றர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 100 கிலோமீற்றருக்கு 1.7 கிலோமீற்றர். டயர் உருளவில்லை, அழிறப்பர் போல உரஞ்சுப்படுகிறது. டயர் விலையைக் கையில் வைத்துக்கொண்டு இந்தக் கணக்கைப் பாருங்கள்.

*வீட்டு வாசலில் 20 நிமிடம்*

காசு செலவில்லாமல் எல்லோரும் செய்யக்கூடியது இது. மாதம் ஒரு முறை போதும்.

முதலில் டயரைப் பாருங்கள். கையால் குறுக்காகத் தடவுங்கள். ஒரு பக்கம் போகையில் வழுக்கி, மறுபக்கம் வருகையில் வாள்பல் போல் உறுத்தினால் டோ பிசகியிருக்கிறது. உள் ஓரமோ வெளி ஓரமோ மட்டும் தேய்ந்திருந்தால் கோணத்தில் பிரச்சினை. குழி குழியாகத் தேய்ந்திருந்தால் ஷொக் அப்சோபரில் சந்தேகம் வையுங்கள். இரண்டு ஓரமும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் அலைன்மன்ட் அல்ல, காற்றுக் குறைவு.

அடுத்தது இழுவை. இடதுபக்கம் ஓடும் நாடு எமது நாடு. மழைத்தண்ணீர் வழிய வீதி இடதுபுறம் சற்றுச் சரிந்திருக்கும். அதனால் லேசாக இடப்பக்கம் போவது இயல்பு. கூடுதலாக இழுத்தால் முதலில் இரண்டு முன் டயர்களிலும் காற்று சமமா என்று பாருங்கள். ஓடி நிறுத்திய பின் ஒரு பக்கச் சில்லு மற்றதைவிட அதிகம் சூடாக இருந்தால் பிரேக் பிடித்துக்கொண்டு நிற்கிறது. இந்த இரண்டுக்கும் அலைன்மன்ட் மருந்தே அல்ல.

பிறகு சில்லைத் தூக்கிப் பார்ப்பது. சமமான, உறுதியான தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக் இழுத்து, பின் சில்லுகளுக்குக் கட்டை வைத்து, ஜெக்கால் உயர்த்தி, ஜெக் ஸ்டேண்டில் இறக்குங்கள். ஜெக் தூக்குவதற்கு, தாங்குவதற்கு ஸ்டேண்ட். சீமெந்துக் கல் வேண்டாம்: பொள்ளல் கல் சொல்லாமல் கொள்ளாமல் நொறுங்கும். ஸ்டேண்ட் இல்லையா? அப்படியானால் இன்றைக்கு இந்தப் பகுதியை விட்டுவிடுங்கள்.

சில்லைக் கடிகாரமாக நினையுங்கள். 9இலும் 3இலும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? டை ரொட் எண்டோ ரெக்கோ. 12இலும் 6இலும் பிடித்தால் ஆடுகிறதா? பேரிங்கோ போல் ஜொயின்டோ. ஒருவரை பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் நின்றால் பேரிங், நிற்காவிட்டால் போல் ஜொயின்ட் பக்கம் பாருங்கள். ஜொயின்டின் இறப்பர் உறை கிழிந்து கிறீஸ் வழிந்திருந்தால், இன்று ஆட்டம் இல்லாவிட்டாலும் அதன் நாட்கள் எண்ணப்படுகின்றன. உள்ளே மணலும் தண்ணீரும் போய்விட்டன.

ஹயேஸ் போன்ற வேன்கள் பலவற்றில் முன்பக்க அமைப்பு வேறு. சில்லு தொங்கும் நிலையில் போல் ஜொயின்டின் ஆட்டம் தெரியாமலும் போகலாம். வேன்காரர்கள் அதைத் தெரிந்த பாஸ் ஒருவரிடமே காட்டுங்கள்.

*எதுவரை நாமே செய்யலாம்?*

இணையத்தில் வீடியோ பார்த்துவிட்டு எல்லாவற்றையும் கழற்றலாம் என்று நாம் சொல்லவில்லை. எல்லை தெரிந்திருப்பதுதான் கைவேலையின் பாதி.

ஓரளவு ஸ்பேனர் பிடித்துப் பழகியவர் ஸ்டெபிலைசர் லிங்க் மாற்றலாம். டை ரொட் எண்டும் மாற்றலாம். கழற்றும்போது எத்தனை சுற்றில் கழன்றது என்று எண்ணி எழுதிக்கொள்ளுங்கள். புதியதை அதே சுற்றுக்குப் பூட்டுங்கள். ஜொயின்டைக் கழற்றப் புலர் பாவியுங்கள். புரியின் தலையில் சுத்தியலால் அடிக்க வேண்டாம். கழற்றிய பழைய கொட்டர் பின்னை மறுபடி பாவிக்கவே வேண்டாம். அந்தச் சிறிய கம்பித் துண்டுதான் நட் கழன்றுவிடாமல் காக்கிறது.

டோவை நூல் கட்டியும் அளக்கலாம். காரின் இரு பக்கமும், நடுக்கோட்டுக்குச் சமாந்தரமாக, சில்லின் மைய உயரத்தில் நூல் இழுத்து, ரிம்மின் முன் விளிம்புக்கும் பின் விளிம்புக்கும் உள்ள தூரத்தை அளந்து கழிக்க வேண்டும். 14 அங்குல ரிம்மில் 1 மில்லிமீற்றர் வித்தியாசம் என்றால் ஏறத்தாழ ஒரு பாகையில் ஆறில் ஒன்று. ஜெக்கிலிருந்து இறக்கிய உடனே அளக்க வேண்டாம். முன்னும் பின்னும் சில அடி உருட்டிச் சில்லு அமர்ந்த பிறகு அளக்க வேண்டும். இரு பக்க டை ரொட்டையும் சமமாகத் திருக வேண்டும். ஒரு பக்கம் மட்டும் திருகினால் சில்லு நேராக இருக்கும், ஸ்டியரிங் கோணலாக நிற்கும். இவ்வளவு கவனமாகச் செய்தாலும் அது கார் பத்திரமாக அலைன்மன்ட் கடைக்குப் போய்ச் சேருவதற்கான அளவு. முடிவான அளவை மெஷினிலேயே வையுங்கள். சில புதிய ஹைபிரிட் வாகனங்களில் அதன் பிறகு ஸ்டியரிங் சென்சரையும் கணினியில் மீளமைக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் தொடவே கூடாதது ஸ்ட்ரட்டின் ஸ்ப்ரிங். அது அமுக்கி வைக்கப்பட்ட ஒரு மிருகம். சரியான கம்ப்ரெசர் இல்லாமல் மேல் நட்டைக் கழற்றினால் முகத்தையே கொண்டுபோய்விடும். பிரெஸ்ஸில் ஏற்ற வேண்டிய புஷ், பேரிங் ஆகியவையும் கராஜுக்குரியவை.

லோவர் ஆம் வேலைக்குக் கொடுப்பவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். புஷ் போல்டைக் கடைசியாக இறுக்க வேண்டியது சில்லு தரையில் நின்று வண்டியின் பாரம் ஏறிய நிலையில். தொங்கும் நிலையில் இறுக்கிவிட்டால் இறப்பர் முறுகியபடியே பூட்டப்படும். வண்டி இறங்கியதும் அது எந்நேரமும் திருகுப்பட்டுக்கொண்டே இருக்கும், சீக்கிரம் கிழியும். "பாஸ், கடைசி இறுக்கு கீழ இறக்கிட்டு இறுக்குவீங்களா?" என்று மரியாதையாகக் கேட்டால் நல்ல பாஸ் கோபிக்க மாட்டார். கேட்பவருக்கு விடயம் தெரியும் என்று புரிந்துகொள்வார்.

சில்லு நட்டையும் காலால் ஏறி மிதித்து இறுக்க வேண்டாம். பெரும்பாலான சிறிய கார்களுக்கு 85க்கும் 110க்கும் இடைப்பட்ட நியூட்டன் மீற்றர் போதும். சரியான எண் வாகனத்தின் கையேட்டில் இருக்கும். 50, 100 கிலோமீற்றர் ஓடிய பின் மறுபடி பாருங்கள்.

பாவித்த பொருட்களுக்குப் பஞ்சிகாவத்தைக்கு ஓடுகிறோம். கதவும் லைட்டும் பாவித்தது வாங்கலாம். போல் ஜொயின்டும் டை ரொட் எண்டும் பாவித்தது வாங்க வேண்டாம். மற்றவர் தேய்த்து முடித்ததைக் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளைகளை அதன் மேல் ஏற்றுவது சிக்கனம் ஆகாது.

அலைன்மன்ட் கடையில் இரண்டே இரண்டு கேள்விகள். "அடிக்க முன்னம் ஆட்டம் இருக்கா என்று பார்த்தீங்களா?" "முன்னர், பின்னர் அளவு போட்ட தாளைத் தருவீங்களா?" இரண்டுக்கும் ஆம் என்று சொல்லும் கடைக்குத் திரும்பத் திரும்பப் போங்கள்.

*"பாஸ்மார்ட வயித்துல அடிக்கிறீங்களே?"*

இப்படிச் சிலர் கேட்பார்கள். இல்லை. எந்த உறுப்பு தேய்ந்தது என்று தெரிந்து வருபவர்தான் நல்ல பாஸின் நல்ல வாடிக்கையாளர். அறியாமையில் பிழைப்பது, சத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்க்காமல் மூன்று சாமானை மாற்றச் சொல்பவர் மட்டும்தான். எமது ஆசிரியைகள் பலர் தாங்களே கார் ஓட்டிப் பாடசாலை வருகிறார்கள். கராஜில் போய் நிற்கவே கூச்சப்படுகிறார்கள். சொன்ன தொகையைக் கொடுத்துவிட்டு வருகிறார்கள். டயரைத் தடவிப் பார்க்கத் தெரிந்த சகோதரியை அவ்வளவு இலேசில் ஏமாற்ற முடியாது.

இன்னொரு நோயும் இருக்கிறது. "படிக்காட்டி கராஜுக்குத்தான் போகணும்" என்ற வசனம் எமது வீடுகளில் இன்னும் கேட்கிறது. கிறீஸ் பட்ட கை என்றால் தோற்ற கை என்று பிள்ளைக்குச் சிறு வயதிலேயே பாடமாகிறது. மேலே எழுதியதை மீண்டும் வாசியுங்கள். கோணம், விசை, முறுக்கம், உலோகம், அளவீடு. இதில் படிக்காதவனுக்குரியது எது? 2013இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்தது. தேசிய தொழிற் தகைமைச் சான்றிதழும் இருக்கிறது. பாதை இருக்கிறது, மரியாதைதான் இல்லை. கெட்டிக்காரப் பிள்ளை விரும்பிப் போகும் தொழிலாக இது மாறினால், எமது கார்களின் முன்பக்கமும் தானாகப் பத்திரமாகும்.

*ஒரு வேண்டுகோள்*

எமது ஊர்களில் கந்தூரிச் சட்டி பொதுவில் இருக்கிறது. சஹன் இருக்கிறது. கதிரையும் பந்தலும் இருக்கின்றன. ஒரு வீட்டுக்கு வருடத்தில் ஒரு நாள் தேவைப்படும் பொருளை ஒவ்வொரு வீடும் வாங்காமல் ஊரே சேர்ந்து வாங்கி வைக்கும் அறிவு எமது மூத்தவர்களிடம் இருந்தது. அதே அறிவோடு நான்கு ஜெக் ஸ்டேண்ட், ஒரு டோர்க் ரென்ச், ஒரு போல் ஜொயின்ட் புலர் வாங்கி வைக்க முடியாதா? பழைய மாணவர் சங்கமோ விளையாட்டுக் கழகமோ ஒரு சுற்றுப்போட்டிக்குச் செலவழிப்பதில் சிறு பங்கு போதும்.

அதோடு, ஒவ்வொரு தவணையும் தொடங்க முன்னுள்ள சனிக்கிழமை காலை ஊரின் நல்ல பாஸ் இருவருக்கு உரிய கூலி கொடுத்து, பாடசாலை வேன்கள் அனைத்தையும் தூக்கிப் பார்க்கச் சொல்வோம். தொழினுட்பம் படிக்கும் மாணவர்கள் பக்கத்தில் நின்று பழகட்டும். வேன்காரரைப் பிடித்துக் கொடுக்க அல்ல, அவருக்கு உதவத்தான். தேய்ந்த ஜொயின்ட் கண்டால், காசில்லாதவருக்குப் பெற்றோரே சேர்ந்து கொடுத்துப் பின்னர் கழித்துக்கொள்ளலாம்.

ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கக் கற்றுத்தந்த மார்க்கம் எம்முடையது. பிஸ்மி சொல்லி ஏறுகிறோம். அதற்கு முன் ஒரு தடவை குனிந்து சில்லையும் பார்ப்போம். பின் ஆசனத்தில் இருப்பவர்கள் எம்மை நம்பி ஏறியவர்கள். அவர்கள் எமது கையில் அமானிதம்.

கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்றுப் பக்கம் இந்தச் சனிக்கிழமைப் பரிசோதனைக்கு இடம், கருவி, நேரம் தரக்கூடியவர்கள் கீழே எழுதுங்கள். பாஸ்மார் முதலில் எழுதினால் இன்னும் மகிழ்ச்சி. அடுத்த தவணைக்கு முன்னர் தொடங்கலாம், இன்ஷா அல்லாஹ்.